கொம்பியூட்டர் மாப்பிள்ளைக்கு ஒரு வீடு

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு ரூபா ஐம்பது சதம். பொன்கதிர் நெல் உற்பத்தியாளர் முன்னேற்றச் சங்கம், மூட்டை தூக்கும் ஆதம்பாவாவுக்குக் கொடுக்கவேண்டியிருந்த இந்தத் தொகையைச் சில அறிவிலிகள் 'கூலிப் பாக்கி' என்று சொல்லித் திரிந்தார்கள். அப்படிச் சொல்வது அடுக்காது. கல்முனைக் கரையோரத்தில் விஞ்ஞான யுகம் வந்து காலூன்றியது இந்தத் தொகையின் மேல்தான்.

எண்பத்தாறாம் ஆண்டுப் பெரும்போகத்தில் வயலிலிருந்து லொறிக்கும், லொறியிலிருந்து களஞ்சியத்துக்கும் நெல் மூட்டை சுமந்த கூலி அது. ஆதம்பாவா அதை வைத்து விஞ்ஞானம் வளர்க்க நினைக்கவில்லை. அவர் புத்தி அவ்வளவு தூரம் போகாது. மூத்தவள் நஸீறாவுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது ஊர் வழக்கம். சுவர் எழும்பிவிட்டது, கதவு நிலையும் நின்றது. கூரைதான் இல்லை. மாப்பிள்ளை காலிதீன் தையல்காரன், தங்கமான பிள்ளை. "மாரிக்கு முன்ன கூரையப் போட்டாக் காணும் மாமா, மத்தது ஒண்டும் வேணாம்" என்று சொல்லியனுப்பியிருந்தான். போடாவிட்டால் என்ன செய்வான் என்று சொல்லவில்லை. சம்மாந்துறையில் இரண்டு பெண்களுக்கு வீடு கூரையோடு தயாராக இருப்பதைக் கலியாணத் தரகர்தான் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆதம்பாவா கூலி கேட்கப் போனபோது சங்கத்தில் கூட்டம். தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் மிகுந்த அன்போடு வரவேற்றார்.

"ஒங்கட சல்லி எங்கயும் ஓடிப் போகா ஆதம்பாவா. ஆனா பழைய கணக்குக் கொப்பிய மூடியாச்சி. இனிக் குடுக்கிறதெல்லாம் கொம்பியூட்டரில பதிஞ்சிதான் குடுக்கிற. தீர்மானம் நிறைவேத்தியாச்சி."

"கொம்பியூட்டர் எங்க ஹாஜியார் இரிக்கி?"

"வாங்கப் போறம். எந்தச் சிஸ்டம் எண்டதுதான் பாக்கி."

சிஸ்டம் என்பது கொம்பியூட்டருக்குள் இருந்து அதை ஆட்டிவைக்கும் மூளை. சந்தையில் இரண்டு மூளை இருந்தது. செயலாளர் ஜவுபர் மாஸ்டர் 'டொஸ்' பக்கம். அவருடைய மச்சினன் கட்டாரில் அதைக் கண்ணால் கண்டவன். பொருளாளரும் பெரிய வயற்சொந்தக்காரருமான பக்கீர் முகைதீன் போடியார் 'படச் சிஸ்டம்' பக்கம்; அவருடைய மருமகன் அதைப் பற்றிய வழவழப்பான கடதாசி ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தான். சங்கத்தில் வேறு யாரும் எதையும் கண்டதில்லை. ஆகவே விவாதம் முழுக்க 'நடுநிலை'யாக நடந்தது.

"டொஸ்ஸில எல்லாம் எழுத்து. நாம எழுதிக் கட்டளை குடுத்தா அது செய்யும்" என்றார் மாஸ்டர்.

"இங்கிலீசிலயா?"

"ஓம், இங்கிலீசிலதான்."

"நீங்க தமிழில குடுக்கிற கட்டளையே இங்க ஒருத்தனும் கேக்கிறல்ல மாஸ்டர். இங்கிலீசில குடுத்து அது கேக்கப்போகுதா?" என்றார் போடியார். "என்ட சிஸ்டத்தில படத்தக் காட்டினாக் காணும். கூடவே ஒரு எலி வரும். அத மெல்லமா நகத்தினா வேல முடிஞ்சி."

"நெல்லுச் சங்கத்துக்குள்ள எலியா? இருக்கிற எலி காணாதா போடியார்? பொருளாளர்ட மேசைக்கிட்டயே ஒண்டு திரியிற எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க."

கதிரைகள் இழுபட்டன. ஊரில் பாதிக் கலியாணத்தைப் பேசி முடித்தவரான ஹாஜியார் கையை உயர்த்தினார்.

"சண்ட பிடிக்காதீங்க. மாப்பிள்ளை பாக்கிறாப்போல பாருங்க. முதல்ல, என்ன வயசு?"

"டொஸ்ஸுக்கு அஞ்சி."

"என்டதுக்கு ரெண்டு."

"ரெண்டும் பச்சப் புள்ளயள். குடிக்குமா?"

"கறண்டுதான் குடிக்கும். ரெண்டும் குடிக்கும்."

"குடும்பம்?"

"அமெரிக்கா."

ஹாஜியார் முகம் சுளித்தார். தாய்வழி வம்சமான 'குடி'யைப் பார்க்காமல் ஊரில் கலியாணம் இல்லை; அமெரிக்காவில் என்ன குடி என்று விசாரிக்க ஆளில்லை. குடி தெரியாத மாப்பிள்ளையை ஊருக்குள் எடுப்பது எப்படி? நீண்ட யோசனைக்குப் பிறகு டொஸ்ஸை மாஸ்டரின் குடியிலும், படச் சிஸ்டத்தைப் போடியாரின் குடியிலும் சேர்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதற்குப் பிறகு எலி, எழுத்து போன்ற அற்ப விஷயங்களை யாரும் கதைக்கவில்லை. அவரவர் அவரவர் குடிக்குக் கை உயர்த்தினார்கள். இரண்டு பக்கமும் சரிசமன்.

ஒன்றில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போனது. எந்தச் சிஸ்டமானாலும் கொம்பியூட்டருக்குக் குளிரான, தூசி படாத தனி அறை வேண்டுமாம்.

"ஊடு முதல், மாப்பிள்ளை மறுகா" என்றார் ஹாஜியார். "அதான் எங்கட வழக்கம்."

கூலிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தோடு சங்கத்தின் சேமிப்பையும் சேர்த்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் அறை எழும்பியது. கம்பளம் விரித்தார்கள், ஏசி மெஷின் பூட்டினார்கள். கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. லொறியிலிருந்து அதை இறக்கித் தலையில் சுமந்து கொண்டுவந்தவர் ஆதம்பாவா.

"இதுக்குரிய கூலி மாஸ்டர்?"

"பழையதோட சேத்துக் கொம்பியூட்டரில போடுவம்."

மாப்பிள்ளை வரும்வரை வீடு பழுதாகக் கூடாதல்லவா? அதற்காகக் கூட்டங்களை அந்த அறையிலேயே நடத்தி, அங்கத்தவர்கள் வெயில் காலம் முழுவதும் குளிரைத் தாங்கித் தியாகம் செய்தார்கள். ஆதம்பாவா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து கதவடியில் நின்றார்.

"இண்டைக்காவது முடிவாகுமா மாஸ்டர்?"

"அவசரப்படாதீங்க. பிழையான சிஸ்டத்த வாங்கினா ஒங்கட சல்லியே பிழையாப் பதிஞ்சிரும். ஒங்களுக்காகத்தான் இவ்வளவு பாடுபடுறம்."

"பிழையா வந்தாலும் பரவாயில்ல மாஸ்டர். வந்தாச் சரி."

ஐப்பசியில் கடற்பக்கம் கறுத்தது. முதல் மழைக்கே நஸீறாவின் வீட்டுச் சுவர் இரண்டு பக்கமும் நனைந்து மண் கரைந்தது. அன்றைக்கே தரகர் வந்து, வெள்ளிக்கிழமைக்கு மேல் காலிதீன் வீட்டார் பொறுக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆதம்பாவா சேற்றுக் காலோடு கம்பளத்தில் ஏறி நேரே கூட்டத்துக்குள் போனார்.

"ஹாஜியார், மாப்பிள்ளை வராத ஊட்டுக்குக் கூரை இரிக்கி. வாறன் எண்டு நிக்கிற மாப்பிள்ளைக்குக் கூரை இல்ல. எனக்குச் சல்லி வேணாம். இந்தத் தகரத்தக் கழட்டித் தாங்க."

போடியார் பென்சிலை எடுத்தார்.

"தகரம், ஏத்தி இறக்கின கூலியோட, ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது ரூபா."

"ஏத்தி இறக்கினது நான்தானே போடியார்."

"ஓம். அதான் கூலியும் கணக்கில போட்டிரிக்கி."

"எனக்குத் தரல்லயே."

"தரல்லதான். போட்டிரிக்கி. ஒங்கட பாக்கியக் கழிச்சா, நீங்க சங்கத்துக்கு எழுநூத்தி அறுபத்தஞ்சி ரூபா அம்பது சதம் தரணும். சம்மதமா?"

ஆதம்பாவா யன்னலால் வானத்தைப் பார்த்தார். பிறகு ஏணியைத் தேடிப் போனார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ஆணி கழலும் சத்தம் கேட்டது. கீழே கூட்டம் தொடர்ந்தது.

"இந்தக் கடன எதில பதியிற?" என்று கேட்டார் ஹாஜியார்.

"கொம்பியூட்டரிலதான்" என்று மாஸ்டரும் போடியாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"எந்தச் சிஸ்டம்?"

"போடியார்ட எலியையே வாங்குவம்" என்றார் மாஸ்டர்.

"சேச்சே, மாஸ்டர்ட டொஸ்ஸே இரிக்கட்டும். கடன் பதியிறதுக்கு எதுவெண்டா என்ன?"

"அப்ப டொஸ். நாளைக்கே கொழும்புக்கு ஆள் போகட்டும்" என்றார் ஹாஜியார். முதல் தகரம் கழன்று வருவதற்குள் விஷயம் முடிந்தது.

"அறைக்குக் கூரை?" என்று யாரோ இழுத்தார்கள்.

"ஆதம்பாவாட கடன அறவிட்டுப் போடுவம்."

வியாழக்கிழமை பொழுதுபட முதல் நஸீறாவின் வீட்டில் கடைசித் தகரத்துக்கும் ஆணி இறங்கிவிட்டது. சங்கம் ஆதம்பாவாவுக்குக் கொடுக்கவேண்டிய கடன் சதம் மிச்சமில்லாமல் தீர்ந்தது. சங்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூலிக்காரன் கொடுக்கவேண்டியதைப் பதிய எந்தச் சிஸ்டமும் தோதுப்படும். அவனுக்குக் கொடுக்கவேண்டியதைப் பதியும் சிஸ்டத்தைத்தான் அமெரிக்காக்காரனும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.