கடைமடைக்கு வராத வைஃபை

"எண்பத்து நாலாம் வருஷம் நான் பணியில் சேர்ந்தபோது..." என்று பஞ்சநதம் ஆரம்பித்தார். சரியாக அந்த இடத்தில் கம்ப்யூட்டர் திரை உறைந்துபோனது.

திரையில் மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். அவருடையதைத் தவிர மற்ற பதினொன்றிலும் பதினோரு ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்கள் வைத்தது வைத்தபடி நின்றுவிட்டிருந்தார்கள். துரைராசுவின் காபி டம்ளர் வாய்க்கு அரை அடி முன்னால் அந்தரத்தில் நின்றது. செயலாளர் மதிவாணன் கொட்டாவியைப் பாதியில் விட்டிருந்தார்.

"ஹலோ... கேக்குதா? மதிவாணன், கேக்குதாய்யா?"

கேட்டதாகத் தெரியவில்லை.

"ராஜாத்தி! மறுபடியும் போச்சு!"

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "எண்பத்து நாலுலயா?"

"ஆமா."

"போன வாரமும் அங்கதானே போச்சு?"

பஞ்சநதம் ஓடிப்போய் ஹாலில் இருந்த வைஃபை பெட்டியை அணைத்தார். முப்பது எண்ணினார். போட்டார். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டார். அவர் திரும்பிக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு பேரும் நன்றாக அசைந்துகொண்டும், சொல்லப்போனால் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"வாங்கண்ணே," என்றார் மதிவாணன். "உங்க லைன் போயிடுச்சு போலருக்கு. நீங்க இல்லாத நேரத்துல ஒரு தீர்மானம் போட்டுட்டோம். ஏகமனதா."

அடுத்த ஞாயிறு காலை தலைவர் தேர்தல். போட்டி பஞ்சநதத்துக்கும் துரைராசுவுக்கும். இருவரும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் உரையாற்ற வேண்டும். பாதியில் எவருடைய இணைப்பு அறுந்தாலும் அவர் போட்டியிலிருந்து விலகியதாகவே கருதப்படும்.

"இது நியாயமா?" என்றார் பஞ்சநதம்.

"டெக்னிக்கல் விஷயம்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் துரைராசு.

உதவிச் செயற்பொறியாளராக ஓய்வுபெற்ற பஞ்சநதம், டெல்டா பாசனப் பொறியாளர் பேரவையில் ஆறு வருடமாகத் துணைத் தலைவர். விசிட்டிங் கார்டில் 'துணை' என்பதை மட்டும் எறும்பு அளவில் அச்சடித்திருந்தார். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது, ஜீப் கிடையாது. ஆண்டு விழாவில் நடு நாற்காலி உண்டு. முப்பத்து மூன்று வருடம் அணைத் திறப்பு விழாக்களில் பெரிய மனிதர்களின் முதுகை மட்டுமே பார்த்து நின்றவருக்கு அந்த நாற்காலி போதும்.

அதற்காகவே ஓர் உரை தயாரித்து வைத்திருந்தார். தலைப்பு: 'காவிரிப் பாசனத்தில் நான்'. முப்பத்து நான்கு பக்கம். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பக்கத்தை அவரால் தாண்ட முடிந்ததில்லை. இந்த ஞாயிறு தாண்டியே ஆக வேண்டும்.

விநோதம் என்னவென்றால், அதே கம்ப்யூட்டரில் ராஜாத்தி மஸ்கட்டில் இருக்கும் மகள் எழில்மொழியோடு ஒன்றேகால் மணி நேரம் பேசுவாள். பேத்தியின் மூக்கு ஒழுகுவதுகூடத் துல்லியமாகத் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் நிக்கலியே," என்றாள் ராஜாத்தி.

"நீ பேசுறது ஊர்க்கதை. அதுக்குச் சொட்டு நீர் போதும். நான் பேசுறதுக்கு வெள்ளம் வேணும்," என்றார் பஞ்சநதம். பிறகு எழுந்து வீட்டை ஒருமுறை சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னார். "இது கடைமடைப் பிரச்சினை."

குடவாசல் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலின் தலையில் இருப்பவன் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்வான். வால் பக்கம் இருக்கிறவன் வானத்தைப் பார்ப்பான். ஹாலில் இருக்கும் பெட்டி தலைமடை. பின்கட்டில் அவர் அறை கடைமடை. நடுவில் டிவி ஒன்று, செல்போன் இரண்டு, எல்லாம் உறிஞ்சிக்கொள்கின்றன.

திங்கட்கிழமை தலைமடையையே தன் அறைக்குக் கொண்டுவர முடிவு செய்தார். பெட்டியோடு மெல்லிய வெள்ளை வயர் ஒன்று வந்தது. நீளம் போதவில்லை. மதகு ஷட்டர்களைத் தம் கட்டி இழுத்த கை, இழுத்தார்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது ராஜாத்திக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இர்ஃபானா வந்தாள். அந்த வட்டாரத்துக்கே இணைய இணைப்புப் பழுது பார்ப்பவள்; ஸ்கூட்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வருவாள், இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு. வயரைப் பார்த்தாள், பஞ்சநதத்தைப் பார்த்தாள்.

"சார், இதுக்குள்ள இருக்குறது கண்ணாடி இழை. நீங்க மாட்டுக் கயிறு மாதிரி இழுத்திருக்கீங்க."

"அழுத்தம் குறைவா இருந்துச்சும்மா."

"இதுல அழுத்தமெல்லாம் கிடையாது சார்."

"அழுத்தம் இல்லாம எப்படிம்மா மேட்டுல ஏறும்?"

இர்ஃபானா அறுந்த இழைக்கு ஒட்டுப்போட்டாள். பச்சை விளக்கு வந்தது. கம்ப்யூட்டரில் வேகத்தை அளந்து காட்டினாள். "நூறுக்குத் தொண்ணூத்தெட்டு இருக்கு. அருமையான லைன் சார்."

"அப்புறம் நான் பேசினா மட்டும் ஏன் நிக்குது?"

"தெரியல சார். சில சமயம் பக்கத்து வீட்டு வைஃபை குறுக்க வரும்," என்று, கிளம்புகிற அவசரத்தில், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். சொல்லாமல் போயிருக்கலாம்.

பஞ்சநதம் கம்ப்யூட்டரில் தேடினார். தெருவிலுள்ள மற்ற ஐந்து வீட்டு வைஃபைகளின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. பணிக்காலத்தில் கரைக்கு அடியில் புதைத்த திருட்டுக் குழாய்களைக் கண்டுபிடித்தபோது முகத்தில் வந்த அதே ஒளி இப்போதும் வந்தது.

"ராஜாத்தி, அஞ்சு பேரு! நம்ம வீட்டுக்குள்ளயே ஓடுது!"

புதன்கிழமை காலை தெருவில் சுற்றறிக்கை விநியோகமானது. 'பொருள்: தெருவில் வைஃபை முறை வைத்தல், தொடர்பாக. பார்வை: வாய்மொழிப் புகார் (என்னுடையது).' மாலையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். சிங்கப்பூரில் முப்பது வருடம் இருந்து திரும்பிய எதிர்வீட்டு மீரா சாகிப்தான் முதலில் எழுந்தார்.

"இன்ஜினியர் சார், அது எங்க காசுல நாங்க வாங்கின நெட்டு. அதனால உங்களுக்கு எப்படிங்க குறையும்?"

"பாய், உங்க நிலத்துல உங்க காசுல நீங்க ஒரு போர் போடுறீங்க. இருநூறு அடி. பக்கத்துல என் கிணறு வத்துமா, வத்தாதா?"

மீரா சாகிப் யோசித்தார். சிங்கப்பூர் ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் குடவாசலில் பிறந்த எவராலும் இந்தக் கேள்விக்கு 'வத்தாது' என்று சொல்ல முடியாது.

"வத்தும்," என்றார்.

"அவ்வளவுதான் விஷயம்."

தீர்ந்தது. ஆறு வீடு, இருபத்து நாலு மணி நேரம், வீட்டுக்கு நாலு மணி நேர முறை. ஒரு வீட்டு முறை ஓடும்போது மற்ற ஐந்து வீடும் பெட்டியை அணைத்துவிட வேண்டும். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் பஞ்சநதத்துக்குச் சிறப்பு ஒதுக்கீடு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். யார் எந்த நேரம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். பஞ்சநதத்துக்கு விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு வரை விழுந்தது.

"அந்நேரம் மஸ்கட்ல எழில்மொழி தூங்கிட்டிருப்பாளே," என்றாள் ராஜாத்தி.

"சட்டம்னா சட்டம்தான்," என்றார் பஞ்சநதம்.

வியாழக்கிழமை சாயங்காலம், யாருக்குத் தெரியப்போகிறது என்று பெட்டியைப் போட்டுவிட்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் வாசலில் மீரா சாகிப்பின் மனைவி கமருன்னிஸா. கையில் சுற்றறிக்கை.

"அண்ணே, இது எங்க முறை. உங்க பெட்டி எரியுது."

"அஞ்சு நிமிஷம்மா. ஒத்திகை பார்த்துட்டிருக்கேன்."

"ஒத்திகைக்குன்னு நீங்க ஒதுக்கீடு எழுதலியேண்ணே." சுற்றறிக்கையை நீட்டினாள். "ரெண்டாம் பக்கம், நாலாவது பத்தி. 'மீறுவோர் திருட்டுப் பாசனம் செய்தவராகவே கருதப்படுவர்.' உங்க கையெழுத்துதானே இது?"

விளக்கு அணையும்வரை அவள் நகரவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கடிதம் செருகியிருந்தது. 'பொருள்: திருட்டுப் பாசனம், விளக்கம் கோருதல். பார்வை: தங்கள் சுற்றறிக்கை.' ஐந்து வீட்டாரும் கையொப்பமிட்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வருடப் பணியில் அவர் வாங்காத மெமோ.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றாள் ராஜாத்தி. முறை வந்ததிலிருந்து பேத்தியைப் பார்க்காதவள். அவளிடமிருந்து ஆறுதல் எதிர்பார்க்க முடியாது.

சனிக்கிழமை பஞ்சநதம் இர்ஃபானாவுக்குப் போன் செய்து, முதல் தடவையாக, தாழ்ந்த குரலில் பேசினார். "அம்மா, ஏதாவது பண்ணும்மா. நாளைக்கு விட்டா, நான் சாகற வரைக்கும் துணைதான்."

அந்தக் குரல் அவளை என்னவோ செய்திருக்க வேண்டும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை தரையோடு நீல வயர் ஒன்றை இழுத்துச் சொருகினாள்.

"சார், இனி வைஃபையே வேணாம். இது நேர் வாய்க்கால். நடுவுல ஒரு சொட்டு கசியாது."

பஞ்சநதத்தின் கண் கலங்கியது. இத்தனை நாளில் முதல் முறையாக ஒருத்தி அவருக்குப் புரிகிற மொழியில் பேசியிருக்கிறாள்.

இருந்தாலும் அவர் எதையும் நம்பி விடுவதாக இல்லை. தெருவில் ஐந்து வீட்டுப் பெட்டிகளும் அணைந்திருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். தன் செல்போனை அணைத்தார். ராஜாத்தியின் செல்போன் எதையும் உறிஞ்சிவிடாதபடி அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினார். பிறகு இர்ஃபானாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நீ அளந்துகிட்டே இரும்மா. லைன் போச்சுன்னா எந்த நிமிஷம், எத்தனை வேகத்துல போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் கோர்ட்டுக்கே போவேன்."

இர்ஃபானா தன் செல்போனை அந்தப் பெட்டியோடு இணைத்து அளவைப் பார்த்தபடி நின்றாள். "நூறு சார். நூத்துக்கு நூறு."

கூட்டம் தொடங்கியது. பதினோரு கட்டமும் நிரம்பியது. மதிவாணன் விதியை இன்னொரு முறை வாசித்தார். பேசுகிறவரும் அடுத்துப் பேச வேண்டியவரும் மட்டும் மைக்கைத் திறந்து வைத்திருக்கலாம், மற்றவர்கள் மூடிவிட வேண்டும் என்றார். முதலில் பஞ்சநதம், அடுத்து துரைராசு.

பஞ்சநதம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவைத்தலைவரை விளித்தார். அமர்ந்திருக்கும் சான்றோரை விளித்தார். அமர முடியாமல் போன சான்றோருக்கு அஞ்சலி செலுத்தினார். காவிரித் தாயை வணங்கினார். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். எல்லாக் கட்டங்களும் அசைந்துகொண்டிருந்தன. துரைராசு தலையைக்கூட ஆட்டினார்.

"நூறு சார்," என்று கிசுகிசுத்தாள் இர்ஃபானா.

பஞ்சநதம் மூச்சை இழுத்துக்கொண்டு உரைக்குள் இறங்கினார்.

"எண்பத்து நாலாம் வருஷம் நான் பணியில் சேர்ந்தபோது..."

பதினோரு கட்டங்களும் உறைந்தன.

"போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பஞ்சநதம். "போச்சும்மா! எழுது!"

"சார், நூறு காட்டுது."

"எங்கம்மா காட்டுது? பாரு, ஒருத்தனும் அசையல!"

இர்ஃபானா திரைக்கு அருகில் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சார்... மதிவாணன் சார் மூக்கு மேல ஒரு ஈ நடக்குது."

"அது நம்ம திரை மேல உக்காந்திருக்கிற ஈம்மா." பஞ்சநதம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை ஓங்கி விசிறினார். ஈ மதிவாணனின் மூக்கிலிருந்து இறங்கி மீசையைக் கடந்து மேல் உதட்டுக்குப் போனது. மதிவாணனின் கண்களில் நீர் கோத்து நின்றது.

"ஹலோ! கேக்குதா? துரைராசு, கேக்குதாய்யா?"

துரைராசு கன்னத்தில் கை வைத்தபடி, இமைக்காமல், கல்லாக இருந்தார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. அவர் மனைவி மலர்க்கொடி கையில் விளக்குமாற்றோடு உள்ளே வந்து, கணவரைப் பார்த்து, திரையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, பஞ்சநதம் அண்ணன் பேச ஆரம்பிச்சுட்டாரா? போன வாரமும் இப்படித்தான் அவரு லைன் போச்சுன்னு நினைச்சு எந்திரிச்சுப் போறவரைக்கும் எல்லாரும் ஆடாம அசையாம உக்காந்திருந்து, உங்களுக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் மூச்சாவது விட்டுத் தொலைங்களேன்!"