பேகா சாரும் வளையல் போட்ட கடலைச் செடியும்

பெங்களூரில் அவசரப்பட்டு ஒரு காரியத்தைச் சாதித்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பேகா சார். இந்த ஊரில் மற்றவர்கள் அவசரப்பட்டால் சிக்னலில் நின்று ஹாரன் அடிப்பார்கள், 'இதோ வந்துட்டேன்' என்று போனில் பொய் சொல்வார்கள். அதோடு சரி.

அடுகோடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில், ஒற்றை அறையில் இருந்தார். கன்னடத்தில் 'பேகா' என்றால் சீக்கிரம். பால்காரர், ஆட்டோக்காரர், தோசை மாஸ்டர் என்று எதிரில் வருகிற எல்லோரையும் "பேகா பேகா" என்று விரட்டிக்கொண்டே இருந்ததால் தெரு அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. அசல் பெயர் வீட்டு ஓனர் அக்காவுக்குத் தெரியும் என்றார்கள். கேட்டால் அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "பேகா சார்தானே?" என்றார்.

பொம்மசந்திராவில் ஒரு விதை ஆராய்ச்சிக் கம்பெனியில் கொண்டைக்கடலை விஞ்ஞானி. கம்பெனி பஸ் தினமும் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் தூங்குவார்கள். இவர் இறங்கி நடப்பார். சிக்னலுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு காபி குடித்து, பேப்பரைப் படித்து முடித்து, அதே பஸ் வந்து சேரும்போது கை காட்டி நிறுத்துவார். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று டிரைவரை ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் தன் சீட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் மரியாதைக்காக வருவார். பாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் "ஆமென்" என்று முடித்து வைத்துவிடுவார். ஒரு நாள் இரண்டு மூன்று ஆமெனுக்குப் பிறகு பாஸ்டருக்கே மேலே தொடர மனம் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாமல் போனது அந்த வெளிச்சம்.

திடீரென்று ஒரு நாள் மாடி அறையில் வெள்ளையும் ரோஸுமாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. அணையவே இல்லை. என் படுக்கையறை ஜன்னலில் எந்நேரமும் பகல். பின்கட்டுச் சேவல் எப்போது கூவுவது என்று புரியாமல் கூவுவதையே விட்டுவிட்டது. ஒரு போலீஸ்காரர் என்னமோ ஏதோவென்று மாடியேறிப் போனார். கடலைச் செடியைப் பற்றி முழு விளக்கமும் கேட்டுவிட்டு, வெளிறிப்போய் இறங்கி வந்தார். பிறகு அவர் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

நான் பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்பையே அடக்குகிறவள், இந்த ஒரு ஆளை அடக்க முடியாதா? படியேறினேன்.

சுவரெல்லாம் சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. டேபிள் ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தரை முழுக்க ட்ரேக்களில் சின்னச் சின்னத் தொட்டிகள். கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"சார், என் ஜன்னல்ல ராத்திரியே வர மாட்டேங்குது."

"செடிக்கும் வரக்கூடாது டீச்சர். விஷயமே அதான்."

"எது?"

"கடலைச் செடிக்குப் பகல நீட்டிக்கிட்டே போனோம்னா, காலம் ஓடிப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டு மடமடன்னு பூத்துடும். வருஷத்துக்கு ஒரு தடவ விளையறத நாலஞ்சு தடவ விளைய வெக்கலாம். இப்ப உலகம் பூரா ஆராய்ச்சில இப்படித்தான் பண்றாங்க."

"தூங்க விடாம புள்ள பெறச் சொல்றீங்க. பாவம் இல்லயா? அப்படி என்ன அவசரம்?"

 பேகா சார் ஒரு கேள்விக்கு யோசித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வெயில் முன்னாடியே வந்துடுது டீச்சர். சூடு ஏறினா கடலைப் பூ கொட்டிடும், காய் பிடிக்காது. தாங்குற மாதிரி ஒரு புது ரகம் கொண்டாரணும்னா சாதாரணமா பத்துப் பன்னெண்டு வருஷம் ஆவும். நான் என் சர்வீஸ்ல ரெண்டு ரகத்துல கை வெச்சேன். ரெண்டும் பாதில நின்னுபோச்சு. இப்ப எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சு." ஓரத்தில் இருந்த தொட்டியைத் தொட்டார். "இந்த ஒண்ணுதான் அவ்ளோ சூட்டுலயும் பூவ உதுக்காம நின்னுது. ஒண்ணே ஒண்ணு."

கம்பெனியில் அவருடைய விளக்கு அறையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். செடிகள் குப்பைக்குப் போகவிருந்தன. இவர் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார். அந்தச் செடியிலிருந்து விதை எடுத்துக் கொடுத்தால் அடுத்த விதைப்பில் வயலில் ஓர் ஓரம் தருவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். விதை இல்லையென்றால் அந்தச் செடியோடு கதை முடிந்தது, இவருடைய சர்வீஸும்தான். நான் கீழே வந்து கனமான திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. பெங்களூர் ஆவணி தெரியுமல்லவா, வாரக்கணக்கில் வெயிலே முகம் காட்டாது, தூறிக்கொண்டே இருக்கும். அந்தச் செடி சரியாக அப்போது பார்த்துக் காய் விட்டது. சரியாக அப்போது பார்த்துத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. முதல் நாள் போய் மறுநாள் காலையும் கரண்ட் வரவில்லை. கொண்டைக்கடலைக்குச் சூடும் ஆகாதாம், வெளிச்சமில்லாத ஈரக் குளிரும் ஆகாதாம், காய் உதிர்ந்துவிடுமாம். இப்படி ஒரு செல்லத்தை நான் என் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

பேகா சார் மாடிக்கும் தெருவுக்குமாக ஓடினார். தெருவில் ஒரே ஓர் இடத்தில்தான் வெளிச்சம் இருந்தது. எதிரே கல்யாண மண்டபம், ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, உள்ளே முகூர்த்தம்.

"டீச்சர், ஒரு ட்ரே பிடிங்க. பேகா!"

"யார் வூட்டுக் கல்யாணம் சார் அது?"

"யாருக்குத் தெரியும்? லைட் இருக்குதே!"

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் புறப்பட்டுப் பட்டுப்புடவையில் நின்றது என் தப்பு. கல்யாண வீட்டுக்காரி மாதிரியே இருந்தேன். கையில் தொட்டியோடு வேகமாக நடக்கிறவரை எந்த மண்டபத்திலும் யாரும் தடுப்பதில்லை. ஒருவர் வழி விட்டார். இன்னொருவர், "டெக்கரேஷன் இன்னும் முடியலியா? தாலி கட்டப் போறாங்க!" என்று எங்களைத் திட்டினார். பேகா சார் நேராக மணமேடை ஓரத்துக்குப் போய் வீடியோக்காரரின் பெரிய விளக்குக்கு அடியில் ட்ரேயை வைத்தார். "தம்பி, லைட்ட கொஞ்சம் இப்படித் திருப்பு" என்றார். அந்தப் பையனும் திருப்பினான். அந்த வீடியோவில் மாப்பிள்ளை இருட்டாகத்தான் தெரிவார் என்று நினைக்கிறேன்.

தாலி ஏறியது. நாங்கள் அட்சதை போட்டோம். பிறகுதான் வினை ஆரம்பித்தது.

இந்துக் கல்யாணத்தில் பாலிகை என்று ஒன்று உண்டாம். எங்கள் வழக்கத்தில் இல்லாததால் எனக்குத் தெரியாது. மண் கிண்ணங்களில் நவதானியத்தை முளைக்கவிட்டு, சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் தெளித்து, கடைசியில் நீரில் கரைப்பார்கள். முளை செழித்தால் பெண் செழிப்பாள் என்பது நம்பிக்கை. அந்த வீட்டுக் கிண்ணங்களில் குளிருக்கு முளையே சரியாக வரவில்லை, நூல்நூலாக மஞ்சளாக நாலு நீட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் காதோடு காது பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அத்தை ஒருவர், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர், முகம் செத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் எங்கள் ட்ரே பட்டது.

"யம்மா! இங்க பாருங்கடி, இன்னா செழிப்பு! இத்த யாரு கொண்டாந்து வெச்சது?"

கூட்டம் திரும்பியது. நவதானியத்தில் கொண்டைக்கடலையும் ஒன்று. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாலும் தண்ணீருமாகச் சுமங்கலிகள் வரிசை கட்டி வந்தார்கள். "பால் வேணாம், பால் வேணாம்" என்று பேகா சார் செடிக்கு மேல் இரண்டு கையையும் குடையாகப் பிடித்துக்கொண்டார். ஊற்றிய பாலெல்லாம் அவர் முழங்கை வழியாக அவருடைய ஆபீஸ் பேண்ட்டில் இறங்கியது. உண்மையைச் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். அது அப்போதுதான் மலர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கரைக்க வேண்டுமே. மண்டபத்துப் பின்பக்கம் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அத்தை வந்து, சூட்டைத் தாங்கி நின்ற அந்த ஒற்றைச் செடியின் தொட்டியிலேயே கை வைத்தார்.

"இது மட்டும் வேணாம்மா." பேகா சார் தொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 

"இன்னா சார் இப்படிச் சொல்ற? கரைக்காம வுட்டா எங்க பொண்ணுக்கு ஆகாது."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.  பேகா சார் மெதுவாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஓர் இலையைத் தூக்கிக் காட்டினார். அடியில் குட்டியாக, உப்பலாக ஒரு காய்.

"பாருங்கம்மா. வயித்துல இருக்குது."

அத்தை குனிந்து பார்த்தார். விரல் நுனியால் அந்தக் காயைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து மற்ற பெண்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஏண்டி, புள்ளத்தாச்சிய எவளாவது தண்ணில தள்ளுவாளா? அந்தக் கிண்ணத்த எடுங்கடி!"

மஞ்சள் நூல்களெல்லாம் டிரம்முக்குப் போயின. பேகா சார் தானாகவே மற்றத் தொட்டிகளிலிருந்து நாலைந்து சாதாரணச் செடிகளைப் பிடுங்கிக் கொடுத்தார். அத்தை தன் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றி, செடிக்கு முட்டுக்கொடுத்திருந்த குச்சியில் மாட்டிவிட்டார். பேகா சாரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். "பொறந்ததும் சொல்லணும்." அப்புறம் எங்களைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். பாயசம் வரும்வரை பேகா சார் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது.

அத்தை சும்மா விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் போன். பேகா சார் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எனக்கும் கேட்கும். காயைப் பச்சையாகப் பறித்துக் காயவைத்தால் நாட்களை மிச்சம் பிடிக்கலாம், ஆராய்ச்சியில் அப்படிச் செய்வதுதான் வழக்கம் என்று ஒரு நாள் அத்தையிடம் சொல்லிவிட்டார்.

"கொற மாசத்துல அறுத்து எடுப்பியா? மனுசனா நீ? அது தன்னால முத்தட்டும்!"

"இல்லம்மா, பேகா..."

"இன்னா பேகா? இருப்பா!"

இருந்தார். பேகா சார் ஒரு செடிக்காகக் காத்திருந்தார். காய் காய்ந்து தானாகக் கலகலவென்று சத்தம் போடும்வரை தொடவில்லை. அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு தரம் கொடுத்தார்.

விதைக்கு வயலில் இடம் கிடைத்தது. அவர் ரிட்டயராகி, அந்த வயல் இருக்கிற வடக்குப் பக்கத்து ஊருக்கே குடிபோய்விட்டார். சம்பளம் கிடையாது. கடலை இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. பல ஊர்களில் விதைத்துப் பார்த்து, வெயிலில் நின்று காட்டி, அதற்கப்புறம்தான் பெயர் வைப்பார்களாம். அதற்கெல்லாம் எந்த விளக்குப் போட்டாலும் அவசரப்படுத்த முடியாது.

போன மாதம் கதவைத் தட்டினார். ரொம்ப இளைத்திருந்தார். கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

"சோதனைக்கு அனுப்புனதுல மீதி டீச்சர். சுண்டல். அத்தைக்குக் குடுத்துட்டு நேரா இங்கதான் வரேன். பேகா சாப்பிடுங்க, பஸ்ஸு இருக்குது, பாக்ஸும் வேணும்."

"ரகம் எப்ப சார் வெளிய வரும்?"

"வரும்." கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இருக்கறப்பவே வந்துடணும் டீச்சர். அவ்ளோதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பாக்ஸ் காலியானால் எழுந்துவிடுவார். நான் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கிவிட்டு, ரொம்ப நேரம் கழித்து அடுத்த கடலையை எடுத்தேன்.