முதல் மந்திரிசபைக்குத் துட்டி

திருநெல்வேலியில் துட்டி அண்ணாச்சி வீட்டில் விழுந்த அளவுக்கு வேறு எந்த வீட்டிலும் சாவு விழுந்ததில்லை. வருஷத்துக்கு ஏழெட்டு. செத்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு டெல்லியில் பதவியேற்ற மந்திரிகள். அவர்களில் ஒருவருக்குக்கூட அண்ணாச்சி தூரத்து உறவு இல்லை என்பது வேறு விஷயம்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்குப் போஸ்டர் அச்சடிக்கும் கடை. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் நான் மாடியில் குடியிருந்தேன். ஊரில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவரிடம்தான். அதில் வந்த வருமானம் மந்திரிகளுக்குப் போனது. ஊர் மறந்துபோன மந்திரி ஒருவரின் நினைவு நாள் வந்தால் போதும்; மங்கிய படத்தைக் கம்ப்யூட்டரில் கழுவித் துடைத்து, இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றி, தலைமாட்டில் அழுகிற கண் இரண்டை வைத்து, ஜங்ஷனிலிருந்து மேலப்பாளையம் வரை ஒட்டிவிடுவார். அடியில் 'இப்படிக்கு, குடும்பத்தார்' என்று கடை முகவரி. இறந்த வருஷம் மட்டும் இருக்காது.

நினைவஞ்சலி என்று நியாயமாகப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"நினைவஞ்சலின்னா ஒரு பயலும் நிக்க மாட்டாம்லே. கண்ணீர் அஞ்சலின்னு போடு, போற பஸ்ஸே நிக்கும்."

பஸ் நின்றது. ஆட்களும் இறங்கினார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்காமல் விட்டால் ஜென்மப் பகை. சொந்தமா இல்லையா என்பதை வந்து உட்கார்ந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். மாலையோடு வருவார்கள். தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் இருப்பார்கள். அப்புறம் பக்கத்து ஆளிடம், போனது மூத்தவரா இளையவரா என்று பைய விசாரிப்பார்கள். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்பேன். அவர் காப்பி போட்டே ஓய்ந்துபோனார். தன் அப்பா செத்ததற்குக்கூட இத்தனை சனம் வரவில்லை என்பது அவருக்குத் தீராத குறை.

ஒருமுறை நாங்குநேரியிலிருந்து ஒரு வேன் வந்தது. பம்பாய்க்குப் போய்த் தொலைந்த தங்கள் சித்தப்பாவின் முகச்சாடை போஸ்டரில் இருந்ததாம். அண்ணாச்சி உண்மையைச் சொன்னார். கையோடு மந்திரியின் கதையையும் சொன்னார்: நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் தன் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவர், பதவி போன மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனவர். வேனில் வந்த அத்தை ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "எங்க சித்தப்பன் எங்கனயோ குடிச்சுக்கிட்டு உசுரோடத்தான் கெடப்பான். வாங்கட்டி, இந்த மனுசனுக்கு அழுதுட்டுப் போவோம்" என்று மற்ற பெண்களையும் இழுத்து உட்காரவைத்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

அன்று அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"வேற ஒண்ணும் வேண்டாம்லே. ஒரே ஒரு ஆளு, இன்னாருன்னு தெரிஞ்சு, இவருக்காவ மட்டும் வந்து துட்டி கேக்கணும்."

அந்த மந்திரியின் பெயரை இங்கே எழுதினால் 'யாரது?' என்பீர்கள். எனக்கே மாதிரி வினாத்தாள்களில் நாலு விடைகளில் ஒரு தவறான விடையாகத்தான் அவரைப் பழக்கம். அநேகமாக 'இ'. அவரைத் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷம்தான் வினை. ஜங்ஷனில் போஸ்டரைப் பார்த்துவிட்டுப் போன வாத்தியார் ஒருவர் சொல்ல, களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மந்திரிக்கு மௌன அஞ்சலி செலுத்திப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் பிறப்பதற்கு முன்பே மந்திரி இறந்துவிட்ட செய்தி மத்தியானம்தான் தெரியவந்தது. அண்ணாச்சியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாராம்: "செத்த வருசத்தைப் போட்டு ஒட்டும் வே. இல்லைன்னா ஒட்டாதிரும்."

அதற்கு அடுத்த வருஷம், அதே மந்திரிக்கு, வருஷத்தைப் போட்டே ஒட்டினார். காலையிலேயே கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்துவிட்டார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டர் முன் ஆட்கள் நின்றார்கள், வருஷத்தைப் படித்தார்கள், சிரித்தபடி நடந்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து, நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். மதினி காப்பியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். மத்தியானம் அண்ணாச்சி எழுந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அடுக்கிலிருந்து இரண்டை உருவிப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தேன். மந்திரியின் பெயரை முழுதாகச் சொல்லி, "எப்பம் நடந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

கேலியா என்று என் முகத்தில் தேடினார். பிறகு எதிரில் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"விடியக்காலம்லே. முந்தின நாளுகூட நல்லாத்தாம் பேசிக்கிட்டு இருந்தாவ" என்றார்.

நான் கையை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் அவரைவிட நெருங்கிய சொந்தம் எனக்கு அன்றைக்கு யாரும் இல்லை.