மண்குளவிக்குக் காவல் இருந்த நான்கு நாட்கள்

அன்பர்களே, உங்களை நடுங்கவைத்த ஒரு செய்தியை, மெய்யா பொய்யா என்று ஒரு கணமேனும் ஆராய்ந்தபின் அடுத்தவருக்கு அனுப்பியதுண்டா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நான் ஆராயவில்லை. காரைக்குடியில் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் செயலாளன் நான். நாள்தோறும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஓர் அறவுரை அனுப்புபவன். சென்ற திங்களன்று எனக்கே ஓர் அபாயம் வந்து சேர்ந்தது: 'கடல் கடந்து வருகிறது கொலைக் கதண்டு என்னும் ராட்சதக் குளவி! மூன்று முறை கொட்டினால் காளையே சாயும்!' உடனே அனைவருக்கும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு சன்னலும் திறந்திருக்கவில்லை. டீக்கடைச் சொக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, அதன் அடிவழியே டம்ளரை நீட்டினார்.

அன்று பிற்பகல், மகள் கீர்த்திக்காக ஒதுக்கிய அறையில், கதவு நிலைக்கு மேலே ஒரு மண்கூட்டைக் கண்டேன். கீர்த்தி எட்டு மாதக் கர்ப்பிணி. வெள்ளியன்று தலைப்பிரசவத்துக்குச் சிங்கம்புணரியிலிருந்து வருகிறாள். நான் தந்தையல்லவா? ஹெல்மெட் அணிந்தேன். மழைக்கோட்டு மாட்டினேன். ஒட்டடைக் கம்பை ஓங்கினேன்.

"என்னங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு எங்குட்டுக் கிளம்பிட்டீக?" என்றாள் என் மனைவி அழகி.

"விலகி நில்! கொலைக் கதண்டு!"

"நல்லாப் பாருங்க, அது மண்குளவி. அதுபாட்டுக்கு மண்ணக் கொண்டாந்து பிள்ளைக்கு வீடு கட்டுது. புள்ளத்தாச்சி வர்ற வீட்டுல கூட்டக் கலைப்பாகளா?"

"மூடநம்பிக்கை!"

"போன்ல வந்தத நம்பி மழைக்கோட்டு மாட்டுறது?"

"விழிப்புணர்வு!"

"சரி, விடிஞ்சதும் விழிச்சுக்கிருங்க. இப்பக் கம்பக் குடுங்க."

கொடுத்தேன். காலையில் கூடு வீழும் என்று சூளுரைத்தேன்.

மறுநாள், காப்பிக்கு முன்பே கீர்த்தியிடமிருந்து ஒரு செய்தி: 'மண்குளவிக் கூடுள்ள வீட்டைக் கொலைக் கதண்டு எட்டிப் பார்க்காது! விஞ்ஞானிகள் வியப்பு!' படித்த பெண் அனுப்பியது, ஐயுறலாமா? இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன். பின்னர் கூட்டின் கீழே நாற்காலியிட்டு அமர்ந்தேன். பல்லிகளை விரட்டினேன். காற்று பட்டுக் கூடு உதிருமோ என்று மின்விசிறியையும் நிறுத்தினேன். நான்கு நாட்கள் வியர்வையில் நனைந்தேன். அழகி அங்கேயே சோறு கொண்டுவந்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள்.

வெள்ளியன்று வந்த கீர்த்தி, என்னைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, இன்னமும் காவலா இருக்கீக? அம்மா போன்ல சொல்லச் சொல்ல நான்தானே டைப் அடிச்சேன்! 'விஞ்ஞானிகள் வியப்பு' மட்டும் என்னோடது."

அழகியைப் பார்த்தேன்.

"நான் சொன்னா மூடநம்பிக்கைங்கிறீக. அதையே போன் சொன்னா நாலு நாளு காவல் இருக்கீக. நான் என்ன செய்ய?" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "நம்ம புள்ள பெத்தெடுக்க வர்ற நேரத்துல, இன்னொரு தாயி கட்டுன வீட்ட நம்ம இடிக்க வேணாம்ங்க."

மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டேன்.

ஆனால் இந்நேரம் எங்கள் தெருவில் மூன்று வீட்டார், குளவி வரட்டுமென்று நிலையில் ஈரமண் அப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூடு விலைக்குக் கிடைக்குமா என்று சொக்கு இருமுறை அழைத்துவிட்டார். ஆகவே அன்பர்களே, கைகூப்பி இரக்கிறேன். நாளை என்று தள்ளாதீர்கள். இன்றே, இக்கணமே அழித்துவிடுங்கள். கூட்டையன்று, நான் அனுப்பிய இரண்டு செய்திகளையும்.