ஐந்து பெட்டித் தோட்டாவும் என் ஒற்றை மானமும்

அன்புள்ள என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அதை நீயே அடித்துக்கொள், மருமகனே!

உன் தாய்மாமனும், துப்பாக்கிக் கழகத்தின் மூத்த உறுப்பினனும், இன்று காலைவரை மானத்தோடு வாழ்ந்தவனுமாகிய நான், சுடும் ரேஞ்ச் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. இங்கு நான் நலமில்லை. நீ நலம் என்று அக்கா சொன்னாள், அதுதான் எரிகிறது.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி தோட்டாவின் ராசி மாறும், ஐந்து தயாரிப்புத் தொகுதியிலிருந்து தொகுதிக்கொரு பெட்டி அனுப்புகிறேன், மணல் மூட்டைமேல் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டு, நெருக்கமாக விழுவதை ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாயே மகாபிரபு, "மூணாம் நம்பர் உங்க துப்பாக்கிக்குன்னே பொறந்தது மாமா" என்று போனில் வேறு பாடினாயே, நம்பினேன். முதல் பெட்டி, ஐம்பது மீட்டரில், பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு மூலை. பெட்டி மாற்றினால் குழல் பழகச் சுடும் முதல் ஐந்து தோட்டா கணக்கில் சேராது என்றாயே, அதையும் சுட்டேன். இரண்டாவது அதைவிடக் கேவலம். மூன்றாவது, உன் செல்லப்பிள்ளை, அதில் ஒன்று பக்கத்து ஆளின் இலக்கு அட்டைக்கே குடிபோய்விட்டது. அது யார் அட்டை? மீசைக்காரர் அட்டை! இருபது வருஷமாக என்னைத் தோற்கடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் அந்தப் பல் டாக்டர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "உங்க அட்டையில இடமில்லையா? சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே" என்கிறார். ரேஞ்சே சிரித்தது. சுவரில் இருந்த பல்லி சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது அட்டைகளை உன் அத்தைக்கு மாவு சலிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.

டேய், அணியில் ஒரே ஒரு இடம்தான் காலி. எனக்கு அறுபத்து மூணு வயசு. இந்த வருஷம் விட்டா அப்புறம் கண்ணாடிதான் தடிமனாகும், வாய்ப்பு வராது. தோட்டா கேட்டா வேர்க்கடலையா அனுப்புவே? இனி நீ மருமகன் இல்லை, நான் மாமன் இல்லை. வீட்டுப் பக்கம் வந்தால் இதே தோட்டாவால் சுடுவேன். பயப்படாதே, படாது.

அக்காவுக்கு வணக்கம், உன் குழந்தைக்கு முத்தம், உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உறவு முறிந்த மாமா

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் மீசைக்காரர் வந்து என் துப்பாக்கியை லேசாக ஆட்டிப் பார்த்தார். இரும்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் திருகாணி இரண்டு சுற்று லூஸ். போன வாரம் கட்டைக்கு மெருகு போடக் கழற்றியது நான்தான். "முறுக்கிட்டு சுடுங்க. சும்மா ஜெயிச்சா எனக்கு என்ன மரியாதை?" என்றார். சுட்டேன். மூன்றாம் பெட்டியின் பத்துத் துளையையும் சட்டைப் பொத்தானால் மூடலாம். அதே தொகுதியில் இன்னும் பத்துப் பெட்டி, சனிக்கிழமைக்குள், நீயே கொண்டு வா. கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, திட்டு அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. பத்திரமாக வை, ஞாயிறு தோற்றால் தேவைப்படும்.