ஏழு கேள்வி பிரெஞ்சு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கணவர் எங்கள் மகளின் தமிழை நிறுத்திவிட முடிவு செய்தார்.

"ஒன்பதாவதுல இவ பிரெஞ்சு எடுக்கிறா" என்றார். வாய் நிறைய நுரை இருந்ததால் அது அப்போதே பாதி பிரெஞ்சாகத்தான் கேட்டது.

நான் பயந்த சுபாவம். கான்வென்ட்டில் படித்தவள். யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து நின்றுவிடுவேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது போகவில்லை. இடுப்பில் சின்னவனோடு எழுந்து நின்றேன்.

"உக்காரு, நல்ல விஷயம்தான் சொல்றேன். தமிழ்ல பக்கம் பக்கமா எழுதினாலும் பாதி மார்க்தான் போடுவாங்க. பிரெஞ்சுன்னா குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். என்னைப் பாரு. தொண்ணூத்தாறு!"

இந்தத் தொண்ணூற்றாறைக் கல்யாணமான மறுநாளே எனக்கு அறிமுகப்படுத்தி வைத்துவிட்டார். அது எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. விருந்தாளி வந்தால் எனக்கு முன்னால் அதுதான் வரவேற்பறைக்கு வரும்.

ஒன்பதாம் வகுப்பில் இவர் தமிழை விட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று மதியமே பிரெஞ்சு இவரை விட்டுவிட்டது. அன்றிலிருந்து நடுவழியில் நிற்கிறார். 'லிஃப்ட் பழுது, படியில் ஏறவும்' என்று இவர் அலுவலகக் காவலாளி தமிழில் எழுதி ஒட்டியிருந்த தாளுக்கு எதிரே நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே எனக்கு போன் செய்தவர். "இன்னிக்கு லிஃப்ட்ல பயங்கரக் கூட்டம் போல, கீழேயே வர மாட்டேங்குது" என்றார்.

எங்கள் மகள் அப்படியே நேர் எதிர். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவாள். தம்பிக்குத் தினம் ஒரு கதை படித்துச் சொல்வாள். அவன் புத்தகத்தைக் கடிப்பான். அவள் கடித்த இடத்தை விட்டுவிட்டு மீதியைப் படிப்பாள்.

"நான் தமிழ்தான்ப்பா எடுப்பேன்."

"தமிழைத்தான் வீட்டுலயே பேசறோமே! அதுக்கு எதுக்கு ஸ்கூல்?"

"வீட்டுலயேதான் சாப்பிடறோம். அப்புறம் ஏம்ப்பா மாசாமாசம் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"இப்படி எதிர்த்துப் பேசறதுக்குத்தான் தமிழ் உதவும்."

அவள் உதடு துடித்தது. இவள் தமிழை விட்டுவிட்டால் என் கதி என்ன? வயதான காலத்தில் என்னைத் திட்டுவதற்காவது அவளுக்கு நல்ல தமிழ் வேண்டாமா? அவள் அப்பாவைப் போல "அது… அந்த… இதைச் சொல்வாங்களே" என்று ஆரம்பித்தால், திட்டு முடிவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஆனால் வாதாட எனக்கு வராது. சந்தேகம் கேட்கத்தான் வரும்.

"என்னங்க, பிரெஞ்சுன்னா வீட்டுல சொல்லித்தர ஆள் வேணுமே. எனக்கு ஒரு எழுத்து தெரியாதே."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"ஓ! நீங்க இன்னும் பேசுவீங்களா?"

அவ்வளவுதான் கேட்டேன். பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே சபதம் போட்டார். "வெள்ளிக்கிழமை எந்த மொழின்னு சொல்ல ஸ்கூலுக்குப் போகணும் இல்ல? அந்த பிரெஞ்சு மிஸ்கிட்ட நான் பிரெஞ்சுலயே பேசிக் காட்டறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"பேச முடியலைன்னா?" என்றாள் மகள்.

"முடியலைன்னா நீ தமிழே படி. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"தொண்ணூத்தாறு மேல சத்தியம்!"

திங்கள்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. இவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் மகள் போன வருடம் அதே பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவளாம். பிரெஞ்சு தெரிந்த பெற்றோர் வந்தால் அந்த மிஸ் ஏழே ஏழு கேள்விதான் கேட்பாராம். வருடா வருடம் அதே ஏழு. அதே வரிசை. கேள்விகளையும் தனக்கேற்ற பதில்களையும் வரும் வழியில் அந்தப் பெண்ணிடமே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது காப்பி அடிக்கிறது இல்லையாப்பா?"

"இதுக்குப் பேர் முன்னேற்பாடு. நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

பாவம், தன்னைத் தோற்கடிக்கப் போகிறவருக்குத் தானே பாடம் கேட்க வேண்டிய நிலைமை அவளுக்கு. தினம் மாலை சோபாவில் உட்கார்ந்து கேட்டாள். உங்கள் பெயர் என்ன? என்ன வேலை செய்கிறீர்கள்? பிள்ளைகள் எத்தனை? வீடு எங்கே? மாலையில் என்ன செய்வீர்கள்? என்ன சாப்பிடப் பிடிக்கும்? மகள் ஏன் பிரெஞ்சு படிக்க வேண்டும்? ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் கேட்டு, தமிழிலும் அர்த்தம் சொன்னாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் மாதிரி பதிலை ஒப்பித்தார். புதன்கிழமைக்குள் சமையலறையில் இருந்த எனக்கே பாதி பிரெஞ்சு வந்துவிட்டது. இவருக்கு முழுசும் வந்துவிட்டது. மகள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை ஒரு சின்னச் சம்பவம். பாடத்துக்கு நடுவில் சின்னவன் கட்டிலிலிருந்து விழுந்து அலறினான். மகள் ஓடிப்போய்த் தூக்கி, சமாதானம் செய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று முதல் பதிலைச் சொன்னார்.

"அப்பா, பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டேன். நீங்க பேரைச் சொல்றீங்க."

"நீ ஏன் நடுவுல இருந்து ஆரம்பிக்கிற? முதல்ல இருந்து கேளு."

"கேள்வி புரிஞ்சா நடுவுல கேட்டாலும் சொல்லலாமே?"

"புரியணும்னு யார் சொன்னா? எங்க பிரெஞ்சு சார் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? கேள்வியைப் பார்க்காதே, நம்பரைப் பார். ஒண்ணாம் நம்பர் வந்தா ஒண்ணாம் பதில், ரெண்டாம் நம்பர் வந்தா ரெண்டாம் பதில். கேள்வியைப் படிச்சவன் எல்லாம் குழம்பிப்போய் ஃபெயில் ஆனான். நான் தொண்ணூத்தாறு!"

சமையலறையில் என் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வெங்காயம் நறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தின் வாசனை மூக்கில் ஏறியதுமே நான் பிள்ளைகள் வரிசையில் போவது போல ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். சாக்பீஸ், ஈரத் தரை, பினாயில். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார். மகள் தம்பியைத் தூக்கிக்கொண்டு, பலிகொடுக்கக் கூட்டிப் போவது போலப் பின்னால் வந்தாள்.

பிரெஞ்சு மிஸ் கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தமிழில், "சாருக்கு பிரெஞ்சு தெரியும்னு ஃபோன்ல சொன்னாங்களே?" என்றார்.

இவர் பெருமையாகத் தலையாட்டினார். கண்ணை மூடினார். மிஸ் பேனாவைத் திறந்து, முதல் கேள்விக்காக வாயையும் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"குட் மார்னிங் சிஸ்டர்" என்றேன். அவர் சிஸ்டர் இல்லை. மணியும் மூன்று. ஆனால் கான்வென்ட்டில் எங்களுக்குப் பழக்கியது அதுதான். பெரியவர்கள் அறைக்குப் போனால் முதலில் வணக்கம், அடுத்தது அறிமுகம். வீட்டில் 'என்னங்க' என்பதைத் தவிர வேறு பெயரே இல்லாத மனுஷனை, தலைப்பெழுத்து, முழுப்பெயர், அதற்குப் பின்னால் இருக்கும் பட்டம் எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அறிமுகப்படுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்று மிஸ் அதை எழுதிக்கொண்டார். அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பி பிரெஞ்சில் கேட்டார். என்ன வேலை செய்கிறீர்கள்?

இவர் கண்ணைத் திறக்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெயர். 'என் தாத்தாவின் பெயரும் இதுவேதான்.'

மிஸ் ஒரு கணம் யோசித்தார். பரம்பரைத் தொழில் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்தது கேட்டார். பிள்ளைகள் எத்தனை?

'நான் கணக்கு அதிகாரி. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பேன்.'

மிஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வீடு எங்கே இருக்கிறது?

'இரண்டு. பெரியது என்னைப் போல, சின்னது என் மனைவியைப் போல.'

மகள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கத் தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாலையில் என்ன செய்வீர்கள்?

'பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடி.'

என்ன சாப்பிடப் பிடிக்கும்?

'செய்தித்தாள். அதன் பிறகு நன்றாகத் தூங்கிவிடுவேன்.'

மிஸ்ஸின் பேனா நின்றுவிட்டது. கடைசியாக, மிகவும் மென்மையாக, நோயாளியிடம் பேசுவது போலக் கேட்டார். உங்கள் மகள் ஏன் பிரெஞ்சு படிக்க வேண்டும்?

இவர் முகத்தில் வெற்றிப் பிரகாசம். 'உருளைக்கிழங்கு வறுவல். சூடாக இருந்தால் மிகவும் நல்லது.'

இவரிடம் இன்னும் ஒரு பதில் மிச்சம் இருந்தது. அதுதான் இருப்பதிலேயே பெரிய பதில். அதைச் செலவழிக்க இடம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். மிஸ் மேஜையில் இருந்த தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுதான் இருக்கும்.

இவர் கையை உயர்த்தி முழங்கினார். 'ஏனென்றால் அது உலகத்தின் எல்லாக் கதவுகளையும் திறக்கும்!'

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எப்படி?" என்றார்.

"எங்க சார் பிரெஞ்சு படிச்சீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"ஹைஸ்கூல்ல. தொண்ணூத்தாறு."

"அதான்" என்றார் மிஸ். பிறகு தான் கேட்டதையும் இவர் சொன்னதையும் ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னார். வேலையைக் கேட்டால் தாத்தா. சாப்பாட்டைக் கேட்டால் செய்தித்தாள். இரண்டு வீடு வந்த இடத்தில் இவர் முகம் சிவந்தது. உருளைக்கிழங்கு வந்தபோது வெளிறியது.

"இருங்க, இருங்க! நீங்க சரியா கேக்கலை! ஏழு கேள்வி இல்ல கேக்கணும்? முதல் கேள்வியை விட்டுட்டீங்களே!"

"உங்க பேரை உங்க மனைவியே சொல்லிட்டாங்களே சார். சொன்னதையே திரும்ப எதுக்குக் கேக்கணும்?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, ஏழுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், நான் எழுந்து நின்றேன்.

"நீ என்னம்மா எடுக்கப்போற?" என்று மிஸ் மகளிடம் கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவே இல்லை.

"தமிழ், மிஸ்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"வேணும்னே பண்ணினியா?"

"ஐயோ, பயத்துல நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியலைங்க."

பயந்தது நிஜம்தான். பயம் மட்டும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையே வாதாடியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையே தோற்றிருப்பேன்.

"உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு நம்பினேன் பாரு!"

"இப்பவும் பயமாத்தாங்க இருக்கு. கண்டக்டர் வர்றார். டிக்கெட் நீங்களே கேளுங்க."

கேட்டார். நல்லவேளை, அதைத் தமிழிலேயே கேட்டார். சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜன்னலோரம் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, போகட்டும். இவனை விட மாட்டேன். இவன் பிரெஞ்சுதான் படிப்பான். எந்த மிஸ்ஸும் வேண்டாம், நானே பேசக் கத்துக்கொடுப்பேன்."

"கத்துக்கொடுங்கப்பா" என்றாள் மகள். "முதல்ல அவனுக்குப் பேச்சு வரட்டும். அதுக்குள்ள உங்களுக்கும் வந்துடும்."