பெண் ஒன்று, ஆண் ஒன்று

வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைவராகியே தீர்வது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துவிட்டார். சாதாரண முடிவு இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த முடிவு. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "நான்தான்" என்று சொல்லியும் பார்த்துவிட்டார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் ஆக நினைத்த தலைவர் பதவி, மனிதநேய மன்றத்தின் தலைவர் பதவி. சலவைக்கடை மாடியில் எட்டே பேர் கூடும் மன்றம் அது. சாமி கிடையாது, பிரார்த்தனை கிடையாது. யாருக்காவது உதவி தேவைப்பட்டால் துடைப்பமும் சுத்தியலுமாகப் போய் நிற்பார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் கண்ணாடிக்காரர் எழுந்து ஒரே வசனத்தைச் சொல்வார். "மேலே யாரும் இல்லை. ஆகவே நாம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். எட்டுப் பேரில் ஒருவர் அவரே என்பதால் ஏழு பேர் கைதட்டல்தான், இருந்தாலும் பிய்த்துக்கொண்டு போகும்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமைக்கு அந்த வெள்ளைச் சட்டை வேணும்."

"துவைச்சாதான் கிடைக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் மாத்திரை எண்ணுவாள். ஏழாவது நாள் வீட்டு வேலை.

"துவைச்சுடேன்."

"குழாய் ஒழுகுது. வடிகால் அடைச்சிருக்கு. ரெண்டையும் சரி பண்ணிக் கொடுங்க, சட்டை தன்னால வெளுத்துடும்."

"எனக்குத் தலைக்கு மேல வேலை. சமூகம்னு ஒண்ணு இருக்கும்மா."

"குழாயும் ஒண்ணுதாங்க இருக்கு."

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டிலிருந்து மெல்லியதாக ஓர் அழுகைச் சத்தம் வந்தது. கண்ணாடிக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"நாலு மாசமா இந்தப் பூனை உயிரை வாங்குது. தலைவரானதும் முதல் வேலையா பூனை வளர்க்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதணும்."

மனைவி அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மேஜையிலிருந்த சின்ன மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"மேல் வீட்டுக்கு. வயித்து வலிக்குச் சொட்டு மருந்து."

"பூனைக்கா?"

"ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை மன்றம் கூடியது. உதவி கேட்பவர்கள் படிவத்தை நிரப்பிப் பெட்டியில் போடுவது வழக்கம். படிவத்தில் பெயர் எழுத இடம் கிடையாது. வயது எழுதவும் கிடையாது. உதவி கேட்கிறவர் கூசக் கூடாது என்று மூன்று வருடம் முன்பு கண்ணாடிக்காரரே அந்தக் கட்டங்களை அடித்துவிட்டார். அதோடு ஒரு விதியும் போட்டார். படிவத்தை யார் எழுதியது என்று யாரும், யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றோடு உறுப்பினர் இல்லை. வீட்டு இலக்கம் மூடிய உறையில், எட்டுப் பேரில் ஒருவரான நூலகத்தம்மாவிடம் இருக்கும். வேலைக்குப் போகிற அன்று கட்டட வாசலில்தான் பிரிப்பார்.

அன்று பெட்டியில் ஒரே ஒரு படிவம். கண்ணாடிக்காரர் எழுந்து உரக்கப் படித்தார்.

"வீட்டில் உள்ளோர்: பெண் ஒன்று, ஆண் ஒன்று. வேலைக்குக் கை கொடுப்பவர்: யாருமில்லை. செய்ய வேண்டியவை: குழாய் ஒழுகுகிறது, வடிகால் அடைப்பு, ஜன்னல் மூடவில்லை, பரணில் உள்ள சாமான்களை இறக்க வேண்டும். மற்ற சிரமங்கள்: துணி துவைத்து மாளவில்லை. சத்தத்தில் தூக்கமில்லை. சொன்னால் புரிந்துகொள்வதும் இல்லை."

படித்து முடித்தபோது அவருக்கு ரத்தம் கொதித்தது. தேர்தலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே கொதித்தது.

"கேட்டீங்களா? வீட்டுல ஓர் ஆண் இருக்கிறான்! குத்துக்கல் மாதிரி இருக்கிறான்! ஞாயித்துக்கிழமை நாம போறோம். வேலையைச் செய்யறோம். அதோட, அந்த ஆளை உங்க எல்லார் முன்னாடியும் நிறுத்தி நான் மூணு கேள்வி கேட்கிறேன். உனக்குக் கை இருக்கா? கண் இருக்கா? வெட்கம் இருக்கா? இது என் சபதம்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. போட்டிக்கு நிற்கும் குழாய்க்காரர்கூடத் தட்டினார். அவர் அதிகம் பேசாதவர். குழாய் ரிப்பேர் பார்க்கிறவர்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

நூலகத்தம்மா உறையின் மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். "ஆறாம் கட்டடம்."

கண்ணாடிக்காரர் குடியிருப்பது ஆறாம் கட்டடம்.

வீடு வரும் வழியெல்லாம் அவர் ஆதாரப்பூர்வமாக யோசித்தார். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. கட்டடத்தில் மூன்றே வீடு. கீழ் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், அங்கே பெண்ணே கிடையாது. மேல் வீட்டில் கப்பல்காரரின் மனைவி. கப்பல்காரர் கடலுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது, அங்கே ஆணே கிடையாது. மிச்சம் இருப்பது நடு வீடு. நடு வீட்டில் பெண் ஒன்று, ஆண் ஒன்று. குழாய் ஒழுகுகிறது. வடிகால் அடைப்பு. சத்தத்தில் தூக்கமில்லை. அவர் குறட்டையைப் பற்றி மாமனார் வீட்டில் ஏற்கெனவே பேச்சு உண்டு.

படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

மனைவி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா..."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஏதோ கேட்க வந்தீங்களே?"

"கேட்கக் கூடாது."

"அப்ப கேட்காதீங்க."

ஐந்து நிமிடம் நடை போட்டார். தானே போட்ட விதி குறுக்கே நின்றது. சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"நீ இந்த வாரத்துல ஏதாவது... எழுதினியா? பொதுவா கேட்கிறேன்."

"எழுதினேனே."

"எ... என்ன?"

"மளிகை லிஸ்ட்."

அதற்கு மேல் கேட்டால் உறுப்பினர் பதவி போய்விடும். கேட்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மானம் போய்விடும். குழாய்க்காரர் கண் முன்னால் தன் வீட்டுக் குழாய் ஒழுகும் காட்சி அவர் மனதில் ஓடியது. பல்லைக் கடித்தார். வழி ஒன்றுதான். ஏழு பேர் வந்து பார்க்கும்போது இந்த வீட்டில் ஒழுகும் குழாய் இருக்கக் கூடாது. அடைத்த வடிகால் இருக்கக் கூடாது. ஆதாரமே இல்லையென்றால் குற்றம் ஏது?

சனிக்கிழமை காலை கடைக் கதவில் 'இன்று விடுமுறை' என்று தொங்கவிட்டார். சட்டையைக் கழற்றினார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"என்னங்க இது, போருக்குப் போற மாதிரி?" என்றாள் மனைவி. அவளும் அன்று லீவு போட்டிருந்தாள்.

"சும்மாதான். வீட்டுல என்னென்ன வேலை கிடக்கு, சொல்லு."

"படிவத்துல... சேச்சே, பட்டியல் போட்டுத் தரவா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் முகம் பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. இவளேதான்!

குழாயைக் கழற்றினார். தண்ணீர் முகத்தில் பீறிட்டது. மாட்டினார், மறுபடி பீறிட்டது. மூன்றாவது தடவை நின்றது. வடிகாலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, முன்பொரு நாள் காணாமல் போன தன் கைக்குட்டையையே வெளியே எடுத்தார். ஜன்னலில் தொங்கி, சீவி, எண்ணெய் போட்டு மூடவைத்தார்.

"அந்த அலமாரிக்குப் பின்னாடி?" என்றாள் மனைவி, காப்பியை உறிஞ்சிக்கொண்டு.

"அது படிவ... அது அவசியமா?"

"யாராவது வந்தா முதல்ல அங்கதான் பார்ப்பாங்க."

அலமாரி நகர்ந்தது.

கடைசியில் பரண். மூன்று அட்டைப் பெட்டி, உடைந்த மின்விசிறி, அவற்றுக்கெல்லாம் பின்னால் அவளுடைய தையல் மெஷின். இறக்கிக் கொடுங்கள் என்று அவள் கேட்க ஆரம்பித்து மூன்று வருடம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இவர் சொல்லிச் சொல்லி, கேட்பதையே விட்டுவிட்டாள். தோளில் தூக்கி இறக்கி வைத்தார். துணி எடுத்து, தூசி தட்டி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அது ஓடியது. அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சு என்னவோ செய்தது. தேர்தல் இல்லாவிட்டாலும் இதை இறக்கியிருக்கலாம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. வெள்ளைச் சட்டையை அவரே துவைத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சட்டையோடு வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இடுப்பு ஒடிந்திருந்தது. ஆனால் வீடு கண்ணாடியாக மின்னியது. படிக்கட்டில் வாளிகளின் சத்தம் கேட்டது. ஏழு பேரும் ஏறி வந்தார்கள்.

"வாங்க, வாங்க! உள்ளே வந்து பாருங்க. ஏதோ தவறான தகவல் வந்திருக்கு. இங்கே ஒரு குறையும் கிடையாது!"

குழாய்க்காரர் எட்டிப் பார்த்தார். "பளபளன்னு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள்.

"எங்கே போறீங்க?"

"மேல் வீட்டுக்கு சார்" என்றார் நூலகத்தம்மா, பிரித்த உறையைக் காட்டி. "வாங்க, நீங்கதானே அந்த ஆளை மூணு கேள்வி கேட்கணும்?"

"மேல் வீட்டுல ஆண் ஏது?"

"இருக்கறதா எழுதியிருக்கே."

மேல் வீட்டுக் கதவு திறந்தது. கப்பல்காரரின் மனைவி நின்றாள். தூக்கமில்லாத கண். தோளில் நான்கு மாதக் குழந்தை. உடம்பில் பொட்டுத் துணி இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண்.

அது வாயைத் திறந்து அழுதது. அதே பூனைச் சத்தம்.

கண்ணாடிக்காரர் ஒரு படி கீழே இறங்கப் பார்த்தார். நூலகத்தம்மா குழந்தையை வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

"கேளுங்க சார். சபதம் போட்டிருக்கீங்க."

"உனக்கு... கை இருக்கா?" என்றார் ஈனக்குரலில். குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"கண் இருக்கா?" அது அவரை முறைத்தது.

"வெட்கம் இருக்கா?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் வெதுவெதுப்பாக வெள்ளைச் சட்டை முழுவதும் இறங்கியது.

மதியம் வரை வேலை. வடிகாலுக்குள் கையை விடுவதற்குக் கண்ணாடிக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு அது நன்றாக வருகிறது என்று குழாய்க்காரரே சொன்னார். மனைவியும் மேலே வந்து ஜன்னல் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் அங்கேயே தேர்தலை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

குழாய்க்காரர் எழுந்தார். "எனக்குப் பதவி வேணாம். இந்த வீட்டுக் கஷ்டம் நம்ம எட்டுப் பேருக்கும் தெரியல. தெரிஞ்சு எழுதினது யாருன்னு கேட்கக் கூடாது. விதி."

"சொல்லக் கூடாதுன்னு விதி இல்லையே?" என்றாள் கப்பல்காரரின் மனைவி. "நடு வீட்டு அக்காதான் எழுதிக் கொடுத்தாங்க. நாலு மாசமா தினமும் ஏறி வந்து பார்க்கறதும் அவங்கதான்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க உறுப்பினராம்மா?" என்றார் நூலகத்தம்மா.

"மூணு வருஷமா. இவர் பேர் கொடுத்தப்பவே என் பேரையும் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டு வேலை விடாது, அதான் வர முடியல. இந்த வாரம்தான் வீட்டுல ஒரு வேலையும் மிச்சமில்ல."

"அப்ப இவங்களே தலைவரா இருக்கட்டும்" என்றார் குழாய்க்காரர். ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவது கையும் உயர்ந்தது. 'ஒரு நிமிஷம்' என்று சொல்வதற்காகத்தான் கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார். நூலகத்தம்மா அதற்குள் எண்ணிவிட்டார். ஏகமனதாகத் தேர்வு.

கீழே வந்ததும் அவர் பொரிந்து தள்ளினார்.

"குழந்தைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

"வயசுக் கட்டத்தை எடுத்தது யாரு?"

"மேல ஒரு குழந்தை இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஊர் பூரா மேலே யாரும் இல்லைன்னு சொல்லிட்டிருந்தீங்க. நான் எதுக்குக் குறுக்கே பேசணும்?"

"நான் சனிக்கிழமை பூரா நாயா உழைச்சப்பவாவது?"

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றாள் அவள் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தபடி. "ஆ, சொல்ல மறந்துட்டேன். பெட்டியில இன்னொரு படிவம் வந்திருக்காம். நூலகத்தம்மா கிளம்பறப்ப சொன்னாங்க. சமையலறை முழுக்க எண்ணெய்ப் பிசுக்காம், சுவத்துக்குப் பெயிண்டே அடிக்கலையாம். அடுத்த ஞாயிறு எல்லாரும் போறோம்."

"எந்தக் கட்டடம்?"

"ஆறாம் கட்டடம்."

"எ... எந்த வீடு?"

"அதைத் தலைவர் சொல்லக் கூடாதுங்க. நீங்க போட்ட விதி."

கண்ணாடிக்காரர் சமையலறையை ஒரு தடவை பார்த்தார். மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெயிண்ட் கடை ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டார்.